விளக்குக்கு ஒரு கம்பி, விசைக்கு ஒரு கம்பி

என் நண்பர் ஒருவர் உயர்நிலைப் பள்ளியில் மரவேலை ஆசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் தம் வீட்டின் பின்கட்டில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஓர் அறையைப் பட்டறையாக்கிக்கொண்டார். ஒரு வட்ட ரம்பம், ஒரு கடைசல் இயந்திரம், ஒரு நீண்ட மேசை, மேசைக்கு மேலே ஒரு விளக்கு. அவ்வளவே அந்தப் பட்டறையின் செல்வம். ஒருநாள் மாலை, இருட்டிய பிறகு, முற்றிய வேங்கைப் பலகை ஒன்றை அவர் அறுத்துக்கொண்டிருந்தார். பாதி அறுத்த நிலையில் ரம்பம் திணறிற்று. வேகம் தளர்ந்ததேயன்றி அது நிற்கவில்லை. பலகையை அவர் பின்னுக்கு இழுத்த அதே நொடியில் பியூஸ் போயிற்று. அந்த அறைக்கு இருந்தது ஒரே பியூஸ். ஆகவே ரம்பத்துக்கு மின்சாரம் நின்றபோதே விளக்கும் அணைந்தது. ஓடிக்கொண்டிருந்த ரம்பம் மின்சாரம் நின்ற பிறகும் சில நொடிகள் தன் வேகத்திலேயே சுழலும். கும்மிருட்டில், பலகையைப் பற்றியிருந்த தம் இடக்கை ரம்பத்திற்கு எத்தனை அருகில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. சுட்டுவிரலின் நுனி போயிற்று.

அந்த அறைக்குக் கம்பியிழுத்த வயர்மேனைக் குறை கூற இயலாது. அவர் நல்ல கம்பியே போட்டிருந்தார். எர்த்தும் முறையாகவே இருந்தது. விளக்கையும் விசையையும் ஒரே வழியில் கொண்டுவந்தார் என்பது ஒன்றே அங்கிருந்த பிழை. மாணவர்களே, இப்பிழை அவருடையது மட்டுமன்று. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக வீடுகள் செய்துவந்த பிழை அது. வீட்டுக்குள் மின்சாரம் எவ்வாறு நுழைந்தது என்னும் வரலாற்றைப் பார்த்தால்தான் அதன் காரணம் விளங்கும்.

மின்சாரத்திற்கு முன்பு, வீட்டுப் பட்டறையில் ஒளியைத் திட்டமிடுவது என்றால் சாளரத்தைத் திட்டமிடுவது என்றே பொருள். பிரான்சு நாட்டில் செயிந்த் எத்தியேன் என்றொரு நகரம் உண்டு. பட்டு நாடா நெய்வதற்குப் பெயர் பெற்ற ஊர் அது. அங்கே நெசவாளர்கள் ஆலைக்குப் போகவில்லை. தறியை வீட்டின் மேல்மாடியில் நிறுத்திக்கொண்டனர். தறியின் உயரத்திற்கு ஏற்பக் கூரை உயர்ந்தது. கூரையின் உயரத்திற்கு ஏற்பச் சாளரமும் உயர்ந்தது. இன்றும் அந்நகரத் தெருக்களில் நிமிர்ந்து பார்ப்பவர்கள், மேல்மாடியின் நெட்டைச் சாளரங்களைக் கண்டே, இது நாடா நெய்தவர் வீடு என்று கண்டுகொள்ளலாம். பகலவன் மறைந்தபின் வேலை செய்ய வேண்டியவர்கள் வேறு வழிகளைத் தேடினர். ஐரோப்பாவில் சரிகைப் பின்னல் வேலை செய்த பெண்கள், நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையை மெழுகுவர்த்தியின் முன் வைத்தனர். குடுவை வில்லையைப் போலச் செயற்பட்டு, சிதறும் ஒளியைத் திரட்டி, ஊசிமுனை இயங்கும் சிறு வட்டத்தில் கொண்டு சேர்த்தது. ஒரே மெழுகுவர்த்தியைச் சூழ்ந்து பலர் தத்தம் குடுவைகளுடன் அமர்ந்து வேலை செய்ததும் உண்டு. விளக்கு எவ்வளவு பெரியது என்பதைவிட, வேலை நடக்கும் இடத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதே முக்கியம் என்பதை அந்த ஏழைப் பெண்கள் நன்கு அறிந்திருந்தனர். பிற்காலத்துப் பட்டறைக்காரர் பலர் அதை மறந்துவிட்டனர்.

மின்விளக்கு வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்த இடங்களுள் ஒன்று, வட இங்கிலாந்தில் உள்ள கிராக்சைடு என்னும் மாளிகை. அதன் உரிமையாளர் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு பெரிய பொறியியலாளர். தம் தோட்டத்து நீரைக் கொண்டு டைனமோவைச் சுழற்றி, 1878-ஆம் ஆண்டில் தம் படக்கூடத்தில் வில்விளக்கு ஒன்றை எரியவிட்டார். ஜோசப் சுவான் என்பவர் கண்ணாடிக் குமிழுக்குள் கரியிழையை எரியச் செய்து விளக்குகள் ஆக்கியபின், 1880-இல் அவற்றையும் அங்கே பொருத்தினார். நூலக அறையில் அவர் செய்த ஏற்பாடு வேடிக்கையானது. செம்பினால் ஆன அழகிய ஜாடிகளின் மேல் விளக்குகளை வைத்தார். ஜாடியின் உடலே மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியாயிற்று. ஜாடிக்குள் வந்த கம்பியின் நுனி பாதரசம் நிரம்பிய சிறு கிண்ணத்தில் தோய்ந்திருந்தது. விளக்கை அணைக்க வேண்டுமானால் ஜாடியைத் தூக்க வேண்டும்; ஏற்ற வேண்டுமானால் மீண்டும் வைக்க வேண்டும். அதுவே அன்றைய சுவிட்சு! இன்று ஒரு வயர்மேன் அதைக் கண்டால் மயங்கி விழுவார். ஆனால் அன்று விதி என்று எதுவுமே இல்லை. விதி இல்லாத இடத்தில் அறிவாளியும் ஆபத்தானதையே செய்வான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், நியூயார்க்கில் பேர்ல் தெருவில் தாமஸ் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. தெருவின் அடியில் கம்பி புதைத்து, பல கட்டடங்களுக்கு 110 வோல்ட்டு அழுத்தத்தில் மின்சாரம் வழங்கிய அந்நிறுவனத்தின் பெயரைக் கவனியுங்கள். ‘எடிசன் மின் ஒளியூட்டு நிறுவனம்’ என்பதே அதன் பெயர். விற்கப்பட்ட சரக்கு மின்சாரம் அன்று, ஒளி. வாடிக்கையாளர் விலை கொடுத்து வாங்கியதும் ஒளியையே. கம்பியின் பருமனும் சாவியின் அளவும் உருகு கம்பியின் தடிப்பும் ஒரு விளக்கின் பசிக்கு ஏற்றபடியே வகுக்கப்பட்டன. வீட்டு மின்னமைப்பு விளக்கின் குழந்தையாகவே பிறந்தது.

அந்த ஆண்டிலேயே, அதே நகரத்தில், செல்வர் ஜே.பி. மார்கனின் வீட்டில் தனி மின்பொறி நிறுவி விளக்குகள் பொருத்தினார்கள். பொறியின் இரைச்சலைப் பற்றி அண்டை வீட்டார் முறையிட்டனர். அது சிறு தொல்லை. நூலகத்தில் மார்கனின் எழுதுமேசைக்கு விளக்கு வைக்கக் கம்பியிழுத்திருந்தார்களே, அது பெருந்தொல்லையாயிற்று. கம்பியில் கோளாறு நேர்ந்து, மேசையும் விரிப்பும் கருகிப்போயின. ஆயினும் மார்கன் மின்சாரத்தை வெறுத்து ஒதுக்கிவிடவில்லை. கம்பிகளை மாற்றிப் போடச் சொன்னார். வேலை செய்யும் மேசைக்கென்று வீட்டில் வைத்த மிக முற்பட்ட மின்விளக்குகளுள் ஒன்று, அந்த மேசையையே எரித்தது என்பது வரலாற்றின் குறும்பு.

இத்தகைய விபத்துகளை எதிர்பார்த்தோ கண்டோ, இலண்டனில் இருந்த தந்திப் பொறியியலாளர் சங்கம் அதே 1882-இல் ஒரு குழு அமைத்து, சில பக்கங்களே கொண்ட விதிநூல் ஒன்றை வெளியிட்டது. ‘மின் ஒளியூட்டலால் நேரும் தீ அபாயங்களைத் தடுப்பதற்கான விதிகள்’ என்பது அதன் தலைப்பின் பொருள். அந்தத் தலைப்பில் இரண்டு சொற்களை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒளியூட்டல், தீ. விசையைப் பற்றிய பேச்சே இல்லை. மனிதன் மேல் மின்சாரம் பாய்வதைப் பற்றியும் தலைப்பில் குறிப்பில்லை. அச்சிறு நூல் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து, 2018-இல் பதினெட்டாம் பதிப்பைக் கண்டது. இப்போது அது ஒரு பருத்த நூல். அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான விதிநூல் 1897-இல் வந்தது. இவற்றின் பக்கங்கள் பெருகிய வரலாறு, பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டில் ஏதோ ஒன்று எரிந்த வரலாறே.

இப்போது வீட்டுப் பட்டறைக்கு வருவோம். டெட்ராயிட் நகரத்து எடிசன் ஒளியூட்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஓர் இளைஞர், ஓய்வு நேரத்தில் வீட்டில் இயந்திர வேலை செய்துவந்தார். ஹென்றி போர்டு என்பது அவர் பெயர். 1893-ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்திய இரவு, தாம் செய்த முதல் பெட்ரோல் எஞ்சினைச் சமையலறைத் தொட்டியின் விளிம்பில் பொருத்தினார். விருந்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த மனைவி கிளாராவை அழைத்து, எஞ்சினுக்குள் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டுமே! அதற்கு அவர் பயன்படுத்தியது வீட்டு மின்சாரத்தை. சமையலறை விளக்குக்கு வந்த கம்பியிலிருந்தே அதை எடுத்தார். எஞ்சின் இருமி, உறுமி, ஓடிற்று. தொட்டி அதிர்ந்தது, தலைக்கு மேல் விளக்கு மினுக்கிற்று.

அந்த மினுக்கலை நான் இந்த வரலாற்றின் நடுப்புள்ளி என்று கருதுகிறேன். ஒளிக்கென்று இழுத்த கம்பியில் வேலைக்கென்று ஒன்றை மாட்டினால், முதலில் முறையிடுவது ஒளிதான். மின்நிலையத்துப் பொறியாளராகிய போர்டுக்கே அன்று வீட்டில் வேறு கம்பி இல்லை. பின்னர் அவர் வீட்டின் பின்னால் இருந்த செங்கற்கொட்டகையைப் பட்டறையாக்கிக்கொண்டு, 1896 ஜூன் மாதத்தில் தம் முதல் வண்டியைச் செய்து முடித்தார். வண்டி வெளியே வரக் கதவு போதவில்லை; கோடரி எடுத்துச் செங்கற்சுவரை உடைத்தார். கதவின் அகலத்தையே திட்டமிட மறந்தவர் கம்பியைத் திட்டமிட்டிருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று!

போர்டு செய்ததையே உலகம் முழுவதும் செய்தது. வீட்டில் இருந்தவை விளக்குக் கூடுகள் மட்டுமே. ஆகவே இஸ்திரிப் பெட்டி வந்தாலும் விசிறி வந்தாலும், பல்பைக் கழற்றிவிட்டு அந்தக் கூட்டிலேயே மாட்டினார்கள். ஹார்வி ஹப்பெல் என்பவர் 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பிளக், விளக்குக் கூட்டில் திருகி மாட்டும் ஒரு பகுதியும், அதிலிருந்து பிடுங்கி எடுக்கத்தக்க மற்றொரு பகுதியும் கொண்டது. சுவரில் தனித் துளை இல்லாத காலத்தில் செய்த சமாதானம் அது. இங்கிலாந்தில் ஒரு கூட்டை இரண்டாகப் பிரிக்கும் கிளைப்பொருத்திகள் வந்தன. ஒரு கிளையில் பல்பு எரியும். மற்றொரு கிளையிலிருந்து கம்பி தொங்கும். விளக்கின் வீட்டில் விசை விருந்தாளியாகவே நுழைந்து, நெடுங்காலம் அப்படியே தங்கிவிட்டது.

விருந்தாளிக்குத் தனி அறை கட்டிய வரலாறு நம் பேச்சு வழக்கிலேயே பதிந்திருக்கிறது. நம் வீடுகளில் பெரிய துளைகள் உள்ள பிளக்கை இன்றும் ‘பவர் பிளக்’ என்கிறோம். சிறியதை வெறும் ‘பிளக்’ என்கிறோம். விளக்கோடு சேர்ந்த சிறியதற்கு 5 ஆம்பியர், விசைக்குரிய பெரியதற்கு 15 ஆம்பியர் என்னும் பகுப்பு, 1934-இல் வெளியான பிரிட்டிஷ் தர விதியிலிருந்து நமக்கு வந்தது. இந்தியத் தர விதியில் அவை இப்போது 6 என்றும் 16 என்றும் எழுதப்படுகின்றன. பிரிட்டனோ, இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947-இல் 13 ஆம்பியர் அளவில் ஒரே வகைப் பிளக்கை வகுத்துக்கொண்டு, பழையவற்றைக் கைவிடத் தொடங்கிற்று. அவர்கள் விட்டதை நாம் விடவில்லை.

இனி விசையின் பக்கம். பழைய ஆலைகளில் ஒரே நீராவி எஞ்சின், கூரையின் கீழ் ஒரு நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து தோல்வார்கள் இறங்கி, நூறு இயந்திரங்களை ஓட்டும். அத்தகைய ஏற்பாடு வீட்டுக்குள் வர இயலாது. ஆகையால் வீட்டுப் பட்டறைக்காரனுக்குத் தன் காலே எஞ்சின். மிதிகட்டையை மிதித்துக் கடைசல் இயந்திரத்தை ஓட்டினான். டெஸ்லா 1888-இல் மாறுமின்னோட்ட மோட்டாரை விளக்கிக் காட்டினார். ஜெர்மனியில் பைன் என்னும் நிறுவனம் 1895-இல் கையில் பிடித்து வேலை செய்யும் மின்துளைப்பானைச் செய்தது. செயிந்த் எத்தியேன் நெசவாளர்களின் மேல்மாடிகளிலும் 1890-களின் நடுவிலிருந்து மின்மோட்டார்கள் ஏறின. தறியை ஓட்டிய கை ஓய்ந்தது. ஆனால் தறி வீட்டை விட்டுப் போகவில்லை. சிறு மோட்டார் சிறு தொழிலாளியைக் காப்பாற்றும் என்று அக்காலத்து அறிஞர் சிலர் நம்பினர். அந்த நம்பிக்கை முழுவதும் பலித்தது என்று சொல்வதற்கில்லை. முழுவதும் பொய்த்ததும் இல்லை.

நம் நாட்டில் அதற்கு எடுத்துக்காட்டுத் தேடினால் கோயம்புத்தூரைத்தான் காட்ட வேண்டும். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கிற்று. ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்திலிருந்து விழும் நீரின் விசை கம்பி வழியாகக் கோவைச் சமவெளிக்கு இறங்கிற்று. பஞ்சாலைகள் பெருகின, கிணறுகளில் மின்பம்புகள் ஏறின. பழுதானவற்றைச் செப்பனிடப் பட்டறைகள் தோன்றின. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டாரை அவ்வூரிலேயே செய்து காட்டினர். பின்னர் வீட்டின் முன்கூடத்தில் ஒரு லேத்தைப் போட்டுக்கொண்டு பம்புக்கு உறுப்புகள் கடைந்து கொடுத்த குடும்பங்கள் அவ்வட்டாரத்தில் எண்ணற்றவை.

மோட்டார் வீட்டுக்குள் வந்தபோது, விளக்குக்குப் பழகிய கம்பி அதை எப்படிப் பொறுத்தது? இங்கேதான் சிறிது கணக்குப் போட வேண்டும். ஒரு குதிரைத்திறன் உள்ள வீட்டு மோட்டார், 230 வோல்ட்டில் முழுச்சுமையோடு ஓடும்போது ஏறத்தாழ 6 அல்லது 7 ஆம்பியர் கேட்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் நொடியில், அதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். கம்பியில் பிறக்கும் வெப்பமோ, ஜூல் 1841-இல் காட்டியபடி, மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. ஓட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். கிளம்பும் வேளை குறுகியதாகையால் கம்பி தப்புகிறது. மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் சட்டென்று தாழ்வதால் விளக்கு மங்குகிறது. போர்டின் சமையலறையில் மினுக்கிய விளக்கைப் போலவே, மாவரைக்கும் இயந்திரம் கிளம்பும்போது மங்கும் விளக்கை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

கம்பியைக் காக்க எடிசன் காலத்திலேயே உருகு கம்பி வந்துவிட்டது. ஓட்டம் மிகுந்தால் முதலில் தான் உருகி மற்றவற்றைக் காப்பது அதன் பணி. ஆனால் அது உருகிப் போனால் மறுபடி கட்ட வேண்டும். கட்டுபவரோ, அடிக்கடி போகிறதே என்று சலித்து, தடித்த கம்பியைக் கட்டிவிடுவார். ஆணியைச் செருகியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். காவற்காரனுக்கு உறங்க மருந்து கொடுப்பது போன்றது அது. ஜெர்மனியில் மான்ஹைம் நகரத்து ஹூகோ ஸ்டோட்ஸ் 1924-இல் காப்புரிமை பெற்ற சிறு தானியங்கிச் சாவியே இன்று நாம் எம்.சி.பி. என்று அழைப்பதன் மூதாதை. அது உருகுவதில்லை, விழுகிறது. காரணத்தைச் சரிசெய்தபின் மேலே தூக்கிவிட்டால் போதும். கம்பியை மாற்றிக் கட்டி ஏமாற்ற அதில் இடமில்லை.

உருகு கம்பியும் தானியங்கிச் சாவியும் கம்பியைக் காக்கின்றனவே ஒழிய, வேலை செய்பவனைக் காப்பதில்லை. இதை உலகம் உணர நெடுங்காலம் ஆயிற்று. கலிபோர்னியாவில் பெர்க்கிலிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், தாமாக முன்வந்தவர்களின் கைகளில் சிறுகச் சிறுக மின்னோட்டத்தைச் செலுத்தி, எந்த அளவில் பிடித்த கம்பியை விட முடியாமல் தசை இறுகிவிடுகிறது என்று அளந்தார். ஆடவர்க்குச் சராசரி 16 மில்லியாம்பியர், பெண்களுக்குப் பத்தரை என்று கண்டார். ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மில்லியாம்பியர். 5 ஆம்பியர் பியூஸ் இந்த அளவைக் கண்டு அசையவே அசையாது. மனிதன் இறந்து கிடப்பான், பியூஸ் நன்றாக இருக்கும். ஆகவே, போகும் ஓட்டத்தையும் திரும்பும் ஓட்டத்தையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் சிறு வேற்றுமை தோன்றியதும் நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை 1961-இல் அவர் அமைத்தார். அமெரிக்க விதிநூல் 1978-இல் வீட்டு மோட்டார் கொட்டகைகளின் பிளக்குகளுக்கு அதைக் கட்டாயமாக்கிற்று. அந்நாட்டில் வீட்டுப் பட்டறைகள் பெரும்பாலும் அங்கேதானே உள்ளன! நம் வீடுகளில் அதே கொள்கையில் இயங்கும் கருவிக்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர், வழக்கமாக 30 மில்லியாம்பியர் கசிவுக்கு அது விழும். ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் நின்று வேலை செய்யும் நம் பட்டறைக்காரர்க்கு அது எவ்வளவு வேண்டியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விசையின் கதை இவ்வாறு நடந்தபோது, ஒளியின் பக்கத்திலிருந்தும் ஒரு புதிய ஆபத்து வந்தது. 1938-இல் அமெரிக்காவில் குழல்விளக்கு விற்பனைக்கு வந்தது. இழைவிளக்கை விடப் பன்மடங்கு சிக்கனம், நிழல் மென்மை, சூடும் குறைவு. பட்டறைகள் அதை விரும்பி ஏற்றன. ஆனால் மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 அலைகள் உடையது. ஒவ்வோர் அலையிலும் இருமுறை அது சுழியாகிறது. இழைவிளக்கின் சூடான கம்பி அதற்குள் ஆறிவிடுவதில்லை. சோக் வைத்த குழல்விளக்கோ நொடிக்கு நூறு முறை மங்கி மங்கி எரிகிறது. நம் கண் அதைத் தொடர்ந்த ஒளியென்றே நம்புகிறது. சுழலும் இயந்திரத்தின் முன் அந்த நம்பிக்கை ஏமாற்றாக முடியும்.

நான்கு தாடைகள் உள்ள சக்கைப் பொருத்திய ஒரு லேத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நிமிடத்திற்கு 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25 சுற்று சுழல்கிறது. ஒளியின் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே அது சரியாகக் கால் சுற்று நகர்கிறது. முதல் தாடை இருந்த இடத்தில் இரண்டாம் தாடை வந்து நிற்கிறது; நான்கும் ஒரே மாதிரி இருப்பதால் கண்ணுக்கு எதுவும் நகர்ந்ததாகத் தெரிவதில்லை. சுழலும் சக்கு நின்றதுபோல் தோன்றுகிறது! மோட்டாரின் தகட்டில் வழக்கமாகப் பொறித்திருக்கும் 1440 சுற்று வேகமானால் இன்னும் வேடிக்கை. அது நொடிக்கு ஒரே ஒரு சுற்று வீதம், மெல்லப் பின்னோக்கி நகர்வதாகத் தோன்றும். இரைச்சல் மிகுந்த பட்டறையில், இயந்திரம் நின்றுவிட்டது அல்லது நிற்கப்போகிறது என்று எண்ணிக் கையை நீட்டுபவனின் நிலை என்ன? வீட்டில் சோதித்துப் பார்க்க விரும்பும் மாணவர்கள், பம்பரத்தின் தலையில் சம இடைவெளியில் வெள்ளைக் கோடுகள் இட்டு, சோக் வைத்த பழைய குழல்விளக்கின் கீழே சுழலவிடுங்கள். வேகம் தளரும்போது கோடுகள் ஒரு கணம் நிற்பதும், பின்னே போவதும், மறுபடி முன்னே ஓடுவதும் தெரியும். சூரிய ஒளியில் அவ்வித்தை நடக்காது.

இதற்கு ஆலைகள் கண்ட பரிகாரம், பக்கத்துப் பக்கத்து விளக்குகளை மூன்று பேஸ்களிலும் மாற்றி மாற்றி இணைப்பது. ஒன்று மங்கும்போது மற்றொன்று ஒளிரும். ஒரே பேஸ் உள்ள வீட்டில், இயந்திரத்தின் தலைமாட்டில் தனியாக ஓர் இழைவிளக்கு வைப்பதே பழைய தலைமுறையின் வழி. பின்னர் வந்த மின்னணுச் சோக்குகள் நொடிக்குப் பல்லாயிரம் துடிப்புகள் தந்து இத்தொல்லையை நீக்கின. இன்றைய எல்.ஈ.டி. விளக்குகளில் நல்லவற்றில் துடிப்பே தெரியாது. மலிவானவை சிலவற்றில் அந்தப் பழைய பேய் மீண்டும் வந்து குடியேறியிருக்கிறது. கடையிலேயே விளக்கை எரியவிட்டு, அதன் கீழே ஒரு பென்சிலை விசிறிபோல் வேகமாக ஆட்டிப் பாருங்கள். பென்சில் ஒரே மங்கலாகத் தெரிந்தால் நன்று. விட்டுவிட்டுப் பல பென்சில்களாகத் தெரிந்தால், அந்த விளக்குப் பட்டறைக்கு ஆகாது.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். மின்வெட்டு நேரும்போது இயந்திரம் நின்றுவிடும். சாவியை அணைக்க மறந்துவிடுவோம். அரைமணி கழித்து, வட்ட ரம்பத்தின் மேல் குனிந்து தூசி துடைத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திரும்பினால்? தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டையொட்டி நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, பட்டறைகளில் இது கற்பனை அச்சமாக இருக்கவில்லை. மோட்டாரை நேரே சுவிட்சில் இணைக்காமல் ஸ்டார்ட்டர் வழியாக இணைத்தால் இந்த ஆபத்து இல்லை. அதனுள் உள்ள காந்தச்சுருள் மின்சாரம் இருக்கும்வரையே இணைப்பைப் பற்றியிருக்கும். மின்சாரம் நின்றதும் பிடியை விட்டுவிடும். மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினாலொழிய இயந்திரம் கிளம்பாது.

என் நண்பர் கை ஆறியபின் தம் அறையைப் புதிதாகத் திட்டமிட்டார். அப்போது சுண்ணக்கட்டியும் கையுமாக உடன் நின்றவன் நான். நம் நாட்டு விதிகள் 1956-லிருந்தே கம்பியிழுக்கும் வேலையை உரிமம் பெற்றவருக்கு ஒதுக்கியிருக்கின்றன. ஆகவே அதை அவரிடமே விட்டோம். எங்கே எது வேண்டும் என்பதைச் சொல்வது மட்டும் எங்கள் வேலையாயிற்று. முதலில் இயந்திரங்களைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்தோம். நீளப் பலகை அறுக்கும்போது பலகை எங்கே போய் முட்டும் என்று நடந்து பார்த்தோம். பிறகு விளக்கு. பழைய விளக்கு அறையின் நடுவே, அவர் முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. மேசையருகே நின்றால் அவர் நிழலே வேலையின் மேல் விழுந்தது. விளக்கின் தொலைவு இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும் என்பது நீங்கள் பள்ளியில் படித்ததே. அறைக்குப் பொதுவாகக் கூரையில் இரண்டு விளக்குகளும், மேசைக்கு இடமும் வலமுமாக இரண்டு தாழ்ந்த விளக்குகளும் என்று முடிவாயிற்று. ஒரு கையின் நிழலை மற்றொரு பக்கத்து விளக்கு அழித்துவிடும். பிளக்குகளை, இரும்புத்தூளும் மரத்தூளும் புகாதபடி, மேசை மட்டத்துக்கு ஒரு முழம் மேலே வைத்தோம். தரையில் கம்பி கிடந்து காலைத் தடுக்கவும் கூடாதல்லவா?

மெயினிலிருந்து அந்த அறைக்கு இப்போது மூன்று வழிகள் வருகின்றன. ஒன்று விளக்குகளுக்கு மட்டும். ஒன்று கைக்கருவிகளின் பிளக்குகளுக்கு. தடித்த கம்பியோடு மூன்றாவது ரம்பத்துக்கும் கடைசல் இயந்திரத்துக்கும். மூன்றுக்கும் தனித்தனி எம்.சி.பி. பிளக்குகளின் வழியில் ஆர்.சி.சி.பி. உண்டு. அது விழுந்தாலும் விளக்கு எரியும்படி விளக்கின் வழியை அதிலிருந்து விலக்கி வைத்தார் வயர்மேன். விளக்குகளையும் காக்க வேண்டுமானால் அவற்றுக்கு வேறொரு கருவி தனியே போடலாம் என்றும் சொன்னார். ஊர் முழுவதும் மின்சாரம் போனால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். கதவின் மேல் மின்கலம் வைத்த சிறு விளக்கு ஒன்று பொருத்தப்பட்டது. மின்சாரம் போன அதே நொடியில் அது தானாக எரியும்.

வேலை முடிந்த அன்று, நண்பர் ரம்பத்தை ஓடவிட்டு, அதன் எம்.சி.பி.யைத் தாமே கீழே தள்ளினார். ரம்பம் இரைச்சல் குறைந்து, சுழன்று சுழன்று நின்றது. அது நிற்கும்வரை, அந்த நான்கு விளக்குகளின் கீழ், அதன் ஒவ்வொரு பல்லையும் நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.